ஜுமேல் வீடு

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. கதவு எண் யாருக்கும் நினைவில் இருக்காது. வேப்பமரத்து வீடு, சொல்தா வீடு, வைத்தியர் வீடு என்றுதான் தபால்காரரே கேட்டு வருவார். எங்கள் வீட்டுக்கு வாய்த்த பெயர் ‘ஜுமேல் வீடு’. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அது ஒரு பாட்டியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

பிரெஞ்சில் பைனாகுலருக்கு ஜுமேல் என்று பெயர். இரட்டைப் பெண் பிள்ளைகளைக் குறிக்கவும் அதே சொல்தான். பள்ளியில் எனக்குப் பாடம் எல்லாம் பிரெஞ்சில்தான் என்பதால் இந்தச் சொல்லை ஆறு வயதிலேயே எழுத்துக்கூட்டத் தெரியும். ஆனால் கரும்பலகையில் ஆசிரியர் அதை எழுதினால் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்து பெஞ்சுப் பையன்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். மேசை, நாற்காலி, கடிகாரம், விளக்கு என்று அங்கிருந்த பொருள்களின் பட்டியல் அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பட்டியலில் ஒரு ஜுமேலும் உண்டு. அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் ஆளும் சரக்கும் வரவேண்டும். எந்தக் கப்பல், என்ன கொடி என்று கரையிலிருந்து பார்க்க அந்தக் கருவி தேவைப்பட்டது.

1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. பழையவர்கள் மூட்டை கட்டினார்கள், புதியவர்கள் வந்து பட்டியலை வைத்துக்கொண்டு பொருள்களைச் சரிபார்த்தார்கள். எல்லாம் இருந்தது, ஜுமேல் மட்டும் இல்லை. யாரும் அப்பாவைத் திருடன் என்று சொல்லவில்லை, விசாரணையும் வைக்கவில்லை. பொறுப்பில் இருந்தவர் என்பதால் அதன் விலையை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அப்பா மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு ஜுமேல் இருந்தது. பெரியப்பா சைகோனில் சொல்தாவாக இருந்தவர். 1952 கடைசியில் லீவில் வந்தபோது அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா மாலையில் மொட்டைமாடிக்கு அக்காவைக் கூட்டிப்போய்க் கப்பல் காட்டுவாராம். அதைத் தெருவே பார்த்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அலுவலகத்தில் ஒன்று காணோம் என்றதும் தெரு கணக்குப் போட்டுக்கொண்டது. “எடுக்காதவன் எதுக்குப் பணம் கட்டுறான்?” என்று கேட்டார்களாம். அப்போது எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பத்து.

மறுநாளிலிருந்து அந்தக் கருவி மொட்டைமாடிக்குப் போகவில்லை. தோல் பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

1971-இல் நான் அரசு வேலையில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே, ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒருவர் என் விலாசத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஓ, ஜுமேல் வீட்டுப் பிள்ளையா! தம்பிகிட்ட ஸ்டோர் சாவி குடுத்துடாதீங்கப்பா.” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். “அது உன் பெரியப்பா கொடுத்தது” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. அவர் அமைதியாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது. பெரியப்பா அதற்குள் பிரான்சுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். கேட்க வேறு ஆளில்லை.

1988-இல் அப்பா போனார். அந்தப் பெட்டி என் அலமாரிக்கு வந்தது. 37 வருடம் நான் அதைத் திறக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம். திறந்து பார்த்து அலுவலக முத்திரை ஏதாவது இருந்துவிட்டால்?

போன ஜூலையில் பேரன் லீவுக்குப் பிரான்சிலிருந்து வந்தான். பதினாலு வயது. சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை. நான் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கிவிட்டான். எழுந்து வந்தால் கூடத்தில் உட்கார்ந்து திறந்துகொண்டிருக்கிறான். தோல் மூடி விறைத்துப் போயிருந்தது, கொக்கியில் பச்சை களிம்பு. வைத்துவிடு என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் வெளியே எடுத்துவிட்டான். “தாத்தா, இது எத்தன வருஷத்துது? எந்த ஊர்ல செஞ்சது?”

“தெரியாது” என்றேன். “பார்த்தாத் தெரியுமே” என்றான். பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலையிலேயே தலை நரைத்தவனிடம் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் என்ன செய்வது? மூக்குக்கண்ணாடியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த சில நாட்கள் நாங்கள் இருவரும் பழைய பைனாகுலர்களைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தோம். படித்ததையும் கையில் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா வைத்துவிட்டுப் போன ஒன்று கிடக்கலாம். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே வாங்கியதாக இருக்கலாம், பட்டாளத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆகவே கற்றுக்கொண்டதை முறையாகச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது உருவம். பழைய பைனாகுலர்களில் இரண்டு பெரிய ஜாதி உண்டு. ஒன்று நேர்க்குழல் ஜாதி. இரண்டு தொலைநோக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டியது போல இருக்கும், கண்ணுக்கு நேராகவே முன்கண்ணாடி அமையும். முன்பக்கம் குவிந்த கண்ணாடி, கண் வைக்கும் பக்கம் குழிந்த கண்ணாடி. கலிலியோ பயன்படுத்திய ஏற்பாடு இதுதான் என்பதால் கலிலியன் என்பார்கள். 1608-இல் ஹாலந்தில் லிப்பர்ஷே என்ற கண்ணாடிக்காரர் தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தபோது, இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி செய்துகொடு என்று அரசு அவரைக் கேட்டதாம். ஆக, ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும் ஏறத்தாழ ஒரே வயதுதான்.

கலிலியன் வகை மூன்று முதல் ஐந்து மடங்குதான் பெரிதாக்கும். அதற்கு மேல் போனால் பார்வைப் பரப்பு சாவித்துவாரம் போல ஒடுங்கிவிடும். நாடகக் கொட்டகையில் சீமாட்டிகள் வைத்துக்கொண்ட முத்துச்சிப்பி பதித்த சின்னக் கண்ணாடியும் இந்த ஜாதிதான். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் ஒன்றிரண்டு இன்னமும் இருக்கிறது. கப்பல்காரர்களுக்கும் பட்டாளத்துக்கும் இதையே பெரிதாகச் செய்தார்கள். பித்தளைக் குழல், மேலே கறுப்புத் தோல், நடுவில் திருகும் சக்கரம், முன்னால் இழுத்து நீட்டும் வெயில் மறைப்பு. பாரீசில் இவை ஏராளமாகச் செய்யப்பட்டன. கண் வைக்கும் வளையத்தில் செய்தவர் பெயர் வெட்டியிருக்கும். லெமேர் கம்பெனியின் சின்னம் ஒரு தேனீ. பெயருக்குப் பக்கத்தில் ‘ஃபாப்ரிகான்’ என்ற சொல்லைச் சுருக்கி வெட்டியிருப்பார்கள். அதையும் ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது ஜாதிக்குத் தோள் உண்டு. கண் வைக்கும் குழலும் முன்குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. நடுவில் உடம்பு பக்கவாட்டில் புடைத்து, முன்கண்ணாடிகள் இரண்டும் அகன்று நிற்கும். அந்தப் புடைப்புக்குள் கண்ணாடி முப்பட்டகங்கள் இருக்கின்றன. வெளிச்சம் உள்ளே வந்து முட்டி முட்டித் திரும்பிக் கண்ணுக்கு வரும். இத்தாலிக்காரர் போரோ 1854-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் நல்ல கண்ணாடி கிடைக்காமல் நாற்பது வருடம் கிடப்பில் கிடந்தது. எர்ன்ஸ்ட் அபே என்ற அறிஞரின் வழிகாட்டலில் ஜெர்மனியில் யேனா நகரத்து ஸைஸ் கம்பெனி 1894-இல் முப்பட்டக பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் உலகமே அந்த வழிக்கு வந்தது.

உருவத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை. பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வானத்தை நோக்கி, கண் வைக்கும் கண்ணாடியைப் பாருங்கள். அதில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் மிதப்பது போலத் தெரிந்தால் முப்பட்டக வகை. அப்படி வட்டம் தெரியாவிட்டால் கலிலியன். கருவியைத் திறக்கவே வேண்டாம்.

எங்கள் கையில் இருந்ததற்குத் தோள் இருந்தது. பேரன் வாசலுக்கு எடுத்துப்போய் நீட்டிப் பிடித்தான். வட்டமும் தெரிந்தது. “ப்ரிசம், தாத்தா!” என்று கத்தினான். எனக்கு அது பெரிய ஆறுதலாக இல்லை. அலுவலகத்தில் இருந்தது எந்த ஜாதி என்று எனக்குத் தெரியாதே.

இரண்டாவது, எண்கள். மேல்தகட்டில் 8×30 என்று வெட்டியிருந்தது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சற்றுமுன் சொன்ன வெளிச்ச வட்டத்தின் அளவு வரும். எங்களுடையதில் நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பகல் பார்வைக்குப் போதும். 7×50 என்றால் ஏழு மில்லிமீட்டர் வட்டம். இருட்டில் பார்க்க வேண்டிய மாலுமிகள் அதைத்தான் விரும்புவார்கள்.

மூன்றாவது, முத்திரைகள். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தென்றால் மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி ஒன்று குத்தியிருக்கும். இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் பட்டாளக் கருவியில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மூன்று சிறிய எழுத்து இருக்கும். எதிரிக்குத் தொழிற்சாலை தெரியக்கூடாது என்று செய்த ஏற்பாடு. பி.எல்.சி. என்றிருந்தால் அது யேனா ஸைஸ். எங்களுடையதில் இவை எதுவும் இல்லை. மேல்தகட்டில் வளைந்த எழுத்தில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. பிரெஞ்சுப் பெயர் போலவே ஒலித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்டியை மூடிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

நான்காவது, கண்ணாடியின் நிறம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அடித்துவிடும். முப்பட்டக பைனாகுலரில் வெளிச்சம் கடக்க வேண்டிய பரப்புகள் பத்துக்குக் குறையாமல் இருக்கும். ஒவ்வொன்றிலும் நாலு பங்கு போனால், கண்ணுக்கு வருவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி. 1935-இல் ஸைஸில் இருந்த ஸ்மகூலா, கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு ஒன்றை ஏற்றி இந்த இழப்பைக் குறைக்க வழி கண்டுபிடித்தார். அதைப் பட்டாள ரகசியமாக வைத்திருந்தார்கள். கடையில் விற்கும் சாதாரணக் கருவிகளுக்கு அந்தப் பூச்சு பரவலாக வந்தது போருக்குப் பிறகுதான்.

சோதிப்பது சுலபம். டியூப்லைட்டுக்குக் கீழே நின்று முன்கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தெரியும் விளக்கின் பிம்பம் வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லை, பெரும்பாலும் போருக்கு முந்தியது. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. எங்கள் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்து சிலந்தி வலை போல இருந்தது. அந்த வலைக்கு நடுவே விளக்கு கத்திரிப்பூ நிறத்தில் தெரிந்தது. அப்போதுதான் கை லேசாக நடுங்கியது. அப்படியென்றால் இது போருக்குப் பிறகு செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் போருக்குப் பிறகும் ஒன்பது வருடம் இங்கே இருந்தார்கள் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. ஆக, அது மட்டும் போதாது.

ஐந்தாவதை இருபத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். இரண்டு குழல்களையும் இணைக்கும் கீல் இருக்கிறதல்லவா, அதன் முன்முனையில் ஒரு சின்ன வட்டத் தகடு. அழுக்கேறிக் கருத்துக் கிடந்தது. பேரன் பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டு, பொறுமையாகத் தேய்த்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆங்கில எழுத்துகள். பூதக்கண்ணாடி வைத்து அவன்தான் படித்தான். “மேட் இன்... ஆக்குபைட்... ஜப்பான்.”

ஜப்பான் போரில் தோற்று, நேச நாடுகளின் பிடியில் இருந்த காலம் அது. 1947 முதல் 1952 ஏப்ரல் வரை ஜப்பானிலிருந்து ஏற்றுமதியான பொம்மை, பீங்கான், பைனாகுலர் என்று பலவற்றில் இந்த முத்திரை உண்டு. ஜப்பானியப் பெயருக்கு அப்போது மதிப்பில்லை. ஆகவே வாங்குகிற வியாபாரிகள் தங்களுக்குப் பிடித்த ஐரோப்பியப் பெயர் எதையாவது மேலே வெட்டிக்கொள்வார்கள். என் வயிற்றைக் கலக்கிய பெயரும் அப்படி வந்ததுதான்.

சைகோனிலிருந்து லீவில் வந்தவர் 1952-இல் கொண்டுவந்த பொருள். வழியில் சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது வாங்கியது என்று அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருடமும் பொருந்தியது, வழியும் பொருந்தியது. ஆனாலும் எழுத்தர் புத்தி விடுமா? அலுவலகத்திலும் 1950 வாக்கில் ஒரு புதிய ஜுமேல் வாங்கியிருந்தால்? காணாமல் போனது எது என்று தெரியாமல், கையில் இருப்பது எது என்று மட்டும் தெரிந்தால் கணக்கு முடியாது.

அந்தக் கணக்கையும் பேரன்தான் முடித்தான். பெட்டிக்குள் இருக்கும் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நம் போன்ற கடலோர ஊர்களில் அதனால்தான் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கிறது என்று படித்திருந்தோம். (நீங்களும் தோல் பெட்டியில் வைக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில், மருந்துப் புட்டியில் வரும் உப்பு போன்ற சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள்.) ஆகவே பெட்டியை வெயிலில் காயவைக்கலாம் என்று கவிழ்த்துத் தட்டினான். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மடித்த காகிதம் ஒன்று விழுந்தது.

கார்பன் பிரதி. ஊதா மை வெளிறிப் போயிருந்தது. நாலாக மடித்ததில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பிரெஞ்சில் பொருள் பட்டியல், அப்பாவின் கையெழுத்து. அந்தச் சாய்ந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். 1938-இல் எடுத்த பட்டியல். ஓரத்தில் ஆண்டுதோறும் சரிபார்த்ததற்கு அடையாளமாகச் சின்னச் சின்னக் கோடுகள், 1953 வரை. பாதிக்குக் கீழே ஒரு வரிக்கு மட்டும் பென்சிலில் அடிக்கோடு. அதை அப்படியே தமிழில் தருகிறேன்: “கடல் ஜுமேல் ஒன்று. பாரீஸ். பித்தளை, கறுப்புத் தோல். நேர்க்குழல். நீட்டும் வெயில் மறைப்புடன்.”

நேர்க்குழல். கலிலியன் ஜாதி. 1938-இலேயே பட்டியலில் இருந்தது.

எங்களுடையதோ தோள் வைத்தது, பூச்சு ஏற்றியது, 1947-க்கு முன் பிறந்திருக்கவே முடியாதது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூன்று வயதுக் குழந்தைகூட வேறு வேறு என்று சொல்லிவிடும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. தெரு ஒன்றைப் பார்த்தது, அலுவலகம் மற்றொன்றைப் பார்த்தது. ஜுமேல் என்ற ஒரே சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

அந்தப் பாரீஸ் ஜுமேல் யாரோடு போனது என்று எனக்குத் தெரியாது. புறப்பாட்டு அவசரத்தில் யார் பெட்டிக்குள் விழுந்ததோ. அதைத் தேடுவது என் வேலை இல்லை.

எனக்குத் தாங்காதது அந்தக் காகிதம்தான். அப்பா அந்தப் பிரதியை எடுத்து, அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு, கருவியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். வெளியே எடுத்துப்போய் யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால், ‘கேட்காமலே வந்து சாட்சி சொல்றான் பாரு’ என்று அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பார்கள். தெருவைப் பற்றி அவர் அறிந்திருந்தார். ஆனால் வீட்டில் யாராவது ஒருநாள் திறந்து பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார் இல்லையா? பிரெஞ்சு படித்த மகன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியும் என்று நினைத்திருப்பார். 1971-இல் நான் கேட்ட அன்றே, மேலே கை நீட்டிப் பெட்டியை இறக்கியிருந்தால் பத்து நிமிட வேலை. அவர் அதற்குப் பிறகு பதினேழு வருடம் இருந்தார்.

பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர்மீது வந்த புகார்களை நான் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, “ஆதாரமில்லை” என்று குறிப்பெழுதியிருக்கிறேன். அந்நியருக்குச் செய்த அந்த மரியாதையை என் வீட்டில் செய்யவில்லை.

மறுநாள் பேரனையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அந்தப் பெயரால் அதிகம் அடிபட்டது அவள்தான். ஒரு நல்ல சம்பந்தம் பெண் பார்க்க வந்து, தெருமுனையில் விசாரித்துவிட்டு, அப்படியே திரும்பிப் போன கதை எங்கள் வீட்டில் யாரும் பேசாத கதை.

காகிதத்தை அவள் முன்னால் விரித்து, வரியைப் படித்து, தமிழில் சொன்னேன். கீலின் முத்திரையைக் காட்டினேன். கத்திரிப்பூ நிறத்தைக் காட்டினேன். நேர்க்குழல் என்றால் என்ன, தோள் என்றால் என்ன என்று பேரன் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினான். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஜுமேலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதுக்காடா தம்பி இவ்ளோ தூரம் வெயில்ல வந்த?”

“அக்கா, அப்பா எடுக்கல. நிரூபணம் ஆயிடுச்சு.”

“எனக்குத் தெரியுமே” என்றாள். “பெரியப்பா இத குடுக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். அப்பா எடுக்கலன்னு எனக்குத் தெரியாத நாளே இல்ல. உனக்குச் சந்தேகம் இருந்துச்சா?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து காபி போட உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு அவள் வீட்டு மொட்டைமாடியில் பேரன் அதைக் கொண்டு நிலா பார்த்தான். “தாத்தா, ரெண்டு நிலா தெரியுது” என்றான். எப்போதோ கீழே விழுந்தோ எப்படியோ உள்ளே ஒரு முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் இரண்டு கண்ணுக்கும் பிம்பம் ஒன்றாகச் சேராது. சென்னையில் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், சரிசெய்துவிடலாம் என்றேன். நீங்களும் அப்படி ஒன்று கிடைத்தால் திருகுகளைக் கழற்றாதீர்கள். கழற்றுவது சுலபம், திரும்ப நேராக்குவது தெரிந்தவர்கள் வேலை.

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தானும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “கப்பல் ஒண்ணும் காணோம்” என்றாள்.

பெட்டி இப்போது அவளிடம் இருக்கிறது. காகிதத்தை மட்டும் நான் கொண்டுவந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். படித்துக் காட்டுகிறேன்.